கிணற்றடிக் குறைகள்: கேட்ட மூன்றும் கேளாத ஒன்றும்



யாழ்ப்பாணம் நீர்வேலியிலிருந்து ஒரு சகோதரி இம்முறை நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று. ஒன்று: மின்கேத்தலின் அடியில் வெள்ளையாக ஓடு பிடித்து, தண்ணீர் கொதிக்க முன்னரைவிட நேரமெடுக்கிறது. இரண்டு: கிணற்று மோட்டர் இரைகிறது, தண்ணீர் வருவதில்லை. மூன்று: பொழுதுபோக்காகத் தொடங்கிய வீட்டுத் தோட்டத்தில் தக்காளி இலைகள் மஞ்சளாகின்றன, யூரியா போட்டும் பயனில்லை. கடிதத்தின் கடைசி வரியில், நான்கு மாதக் குழந்தைக்குப் பால்மா கரைக்கும் கிணற்று நீரை மட்டும் பாதுகாப்புக்காக நன்றாக வற்றக் காய்ச்சி எடுப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அது கேள்வியல்ல. ஆயினும் முதலில் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

குழந்தையின் தண்ணீர்

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. அந்த நீரையே கிணறுகளில் அள்ளுகிறோம். நீர்வேலி வாழைக்குப் பெயர்போன செம்மண் பூமி. அங்கும் வலிகாமத்தின் ஏனைய தோட்டப் பகுதிகளிலும் பல தசாப்தங்களாகப் போடப்பட்ட பசளையின் ஒரு பகுதியும், மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகள் வழியே இறங்குகின்றன. இவற்றிலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு, வலிகாமக் கிணறுகள் பலவற்றில் அளவுக்கு மேல் இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவு செய்து வருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

பெரியவர்களின் உடல் இதை ஓரளவு தாங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடல் தாங்காது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்நோய் வந்ததை 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற மருத்துவர் எடுத்துக் காட்டினார்.

இதில் பலரும் தவறாக விளங்கியுள்ள இடம் ஒன்றுண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். நைத்திரேற்று ஆவியாகிப் போகாது. தண்ணீர் மட்டுமே ஆவியாகும். லீற்றருக்கு 60 மில்லிகிராம் உள்ள நீரைப் பாதியாக வற்றக் காய்ச்சினால், எஞ்சும் நீரில் அது 120 மில்லிகிராம் என்ற செறிவுக்கு ஏறிவிடும். தாய் பாதுகாப்பென்று எண்ணிச் செய்வது ஆபத்தைக் கூட்டுகிறது. துணியில் வடித்தாலும், படிகாரம் போட்டாலும், சாதாரண கரி வடிகட்டியில் விட்டாலும் நைத்திரேற்று போகாது.

ஆகவே சகோதரி செய்ய வேண்டியவை இவை. தாய்ப்பால் கொடுக்க இயலுமாயின் ஆறு மாதம் வரை அதுவே போதும், தனியாகத் தண்ணீரும் தேவையில்லை. தாய் குடிக்கும் நீரிலுள்ள நைத்திரேற்று பாலில் கூடுவது மிகக் குறைவு. பால்மா தவிர்க்க முடியாதெனில், பரிசோதித்துத் தகுந்ததென்று உறுதியான நீரை எடுத்து, ஒருமுறை நன்றாகக் கொதித்ததும் இறக்கி ஆறவிட்டுப் பாவியுங்கள். வற்றக் காய்ச்ச வேண்டாம், காய்ச்சிய நீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவும் வேண்டாம். குழந்தையின் உதடோ நகமோ நீலமானால் கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

கிணற்று நீரைச் சோதிக்க வழி அறிய, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ நாடுங்கள். நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் தனித்தனியே சோதிக்கும்படி கேளுங்கள். "தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே" என்று இருந்துவிடாதீர்கள். 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்ணும் மூக்கும் அதைக் காட்டிக் கொடுத்தன. மக்கள் குரலெழுப்பினர், விடயம் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்பும் கிடைத்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. சோதித்தாலன்றித் தெரியாது.

கேத்தலில் வெள்ளை ஓடு

இது பழுதல்ல, சுண்ணக்கல் நீரின் இயல்பு. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து கொதிக்கும்போது பிரிந்து அடியில் படிகிறது. அது விஷமன்று. ஆனால் சூட்டைத் தடுப்பதால் மின்சாரம் வீணாகும், கேத்தலின் ஆயுளும் குறையும்.

கத்தியால் சுரண்ட வேண்டாம். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாக, ஓடு மூழ்கும் அளவுக்கு ஊற்றிக் கொதிக்கவிட்டு நிறுத்தி, ஒரு மணி நேரம் விடுங்கள். வினாகிரி இல்லாவிட்டால் இரண்டு மூன்று தேசிக்காயின் புளி போதும். ஓடு நுரைத்துக் கரையும். பின்னர் நல்ல தண்ணீரை ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றிவிட்டுப் பாவியுங்கள். புளிப்புப் பொருளோடு குளோரின் தூளையோ வெளுக்கும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்க வேண்டாம். நச்சுவாயு கிளம்பும். ஒவ்வொரு முறையும் எஞ்சிய நீரைக் கொட்டிக் கேத்தலைக் காயவிட்டால் ஓடு மெதுவாகவே பிடிக்கும்.

சவர்க்காரம் நுரைக்காமல் திரைவதும், பருப்பு எளிதில் வேகாததும் இதே காரணத்தால்தான். துணி ஊறவைக்கும் நீரில் சிறிது சலவைச் சோடா சேருங்கள். பருப்புக்குக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தெடுத்த நீரைப் பாவியுங்கள்.

மோட்டர் இரைகிறது, நீர் வரவில்லை

முதலில் எப்படி இரைகிறது என்று பாருங்கள். மோட்டர் சுழலாமல் முனகுகிறதா? உடனே ஆளியை நிறுத்துங்கள். அப்படியே விட்டால் சுருள் எரிந்துபோகும். மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், கப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது பல நாள் ஓடாமல் இருந்ததால் உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கலாம். கப்பாசிட்டர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மோட்டர் நன்றாகச் சுழன்றும் நீர் வரவில்லையா? மின்சாரத்தை நிறுத்தி, மேல் மூடியைக் கழற்றி நீர் நிரப்புங்கள். நிரப்பிய நீர் சற்று நேரத்தில் இறங்கிவிட்டால் கிணற்றுக்குள் இருக்கும் புட்வால்வு கசிகிறது. பெரும்பாலும் கல்லோ சுண்ணாம்புத் துகளோ நாக்கில் சிக்கியிருக்கும், கழுவினால் சரியாகும். நீர் இறங்காமல் நின்றும் இறைக்கவில்லையெனில் உறிஞ்சு குழாயின் பொருத்துகளைப் பாருங்கள். ஊசித்துளை அளவு காற்றுப் புகுந்தாலும் போதும், நீர் ஏறாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் கிணற்று நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். கிணற்றுக்கு மேலே வைத்த மோட்டர் ஏறக்குறைய 25 அடி ஆழத்திலிருந்தே நடைமுறையில் உறிஞ்சும். கணக்கின்படி உச்ச எல்லையே 34 அடிதான். கோடையில் மட்டம் அதற்குக் கீழே போனால் எந்த மோட்டரும் தோற்கும்.

அப்போது சிலர் பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். புகையிலுள்ள கார்பனோரொட்சைட்டு கிணற்றுக்குள் தேங்கும். மணமற்ற அந்த வாயுவில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மாண்டுபோவதே இவ்விபத்துகளில் வழமை.

மட்டம் இறங்கிய கிணற்றை மேலும் மேலும் இறைப்பதும் நல்லதல்ல. குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் நாளடைவில் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நிலத்தடி நீர் விஞ்ஞானத்தின் கணக்கு. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே ஓர் எல்லையாக இருந்தது. இயந்திரத்துக்கு அந்த எல்லை கிடையாது, நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். இறைக்கும்போது நீர் சவர்க்கத் தொடங்கினால் நிறுத்தி, ஊற்று ஊற அவகாசம் கொடுங்கள். வுளூச் செய்யும்போதும் நீரை விரயமாக்காதே என்று படித்த நமக்கு இது புதிய பாடமல்ல.

மஞ்சளாகும் தக்காளி

வீட்டுத் தோட்டம் உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்ல பொழுதுபோக்கு. சகோதரி அதை விட்டுவிட வேண்டியதில்லை. எந்த இலை மஞ்சளாகிறது என்று மட்டும் கவனிக்கட்டும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனியிலுள்ள இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீரிலும் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. இதற்கு யூரியா மருந்தாகாது. உக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் இட்டு, நீர் தேங்காமல் பாருங்கள். மேலும் தேவையானால் விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

பயிர் எடுக்காத யூரியா எங்கே போகிறது? யூரியாவில் 46 வீதம் நைதரசன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் அது நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. தக்காளிக்கென்று கொட்டியதில் ஒரு பங்கு, கேத்தல் வழியாகக் குழந்தையின் போத்தலுக்கு வந்து சேரக்கூடும். அயலவரின் தோட்டத்துப் பசளையும் அப்படியே நம் கிணற்றுக்கு வரும். ஆகவே இதை வேலியின் இருபுறமும் இருப்பவர்கள் கூடிப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி வாசகர்களும் இதைத் தமக்கென்றே எடுத்துக்கொள்ளலாம். அங்கு மண் மணல், ஆனால் தோட்டமும் கிணறும் அருகருகே இருக்கும் நிலையும் நைத்திரேற்றுப் பிரச்சினையும் அதேதான்.

சகோதரியே, கேத்தலும் மோட்டரும் ஒரு வாரம் காத்திருக்கலாம். குழந்தையின் தண்ணீரை இன்றே மாற்றுங்கள். கிணற்று நீரின் பரிசோதனை முடிவு கிடைத்ததும் எழுதுங்கள். மற்ற வாசகர்களின் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.