மெயில் செர்வருக்கு எந்த டேட்டாபேஸ் நல்லது?

ஐம்பதாயிரம் பேருக்கு மின்னஞ்சல் கணக்கு கொடுக்க வேண்டிய ஒரு பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்வோம். மெயில் செர்வர் அமைக்க உட்காருபவர்களிடையே முதலில் கிளம்பும் சண்டை, மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லா, எல்டாப்பா என்பதுதான். ஆளுக்கொரு கட்சி. ஆனால் அந்த டேட்டாபேஸில் எதை வைக்கப் போகிறார்கள் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

மெயில் செர்வரிடம் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. யாருக்குக் கணக்கு உண்டு, கடவுச்சொல் என்ன, எந்த முகவரிக்கு வருவது எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்ற விவரங்கள் ஒன்று. கடிதங்கள் மற்றொன்று. கடைக்காரர் பாஷையில் சொன்னால், முதலாவது பேரேடு, இரண்டாவது கிடங்கு. பேரேட்டைக் கிடங்கு மூட்டைகளுக்கு நடுவே வைக்கும் வியாபாரி கிடையாது.

பேரேடு சிறியது. ஆளுக்கு ஒரு கிலோபைட் என்றாலும் ஐம்பதாயிரம் பேருக்கு 50 மெகாபைட்தான். அதைப் படிப்பது நொடிக்குப் பலமுறை, எழுதுவது எப்போதாவது. எல்டாப் இந்த மாதிரி வேலைக்காகவே உருவானது. நிறுவனத்தில் ஏற்கெனவே எல்டாப் இருந்தால் அதையே பயன்படுத்துவது புத்திசாலித்தனம்; வேலையை விட்டுப் போனவரின் பெயரை ஒரே இடத்தில் நீக்கினால் போதும். இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இரண்டில் எது பழக்கமோ அது. மைஎஸ்க்யூஎல் எழுதும்போது முழு டேபிளையும் பூட்டிவிடும் என்ற பழைய புகார், 2010இல் வந்த 5.5 பதிப்பில் இன்னோடிபி இயல்பிருப்பானதும் வலுவிழந்துவிட்டது.

உண்மையான கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே நேரத்தில் பல புராசஸ்களாக ஓடுவது. ஒவ்வொன்றும் தனித்தனி இணைப்பு கேட்டால் டேட்டாபேஸ் திணறிப்போகும். அதற்காகவே இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 'பிராக்ஸிமேப்' அதில் இருக்கிறது. டேட்டாபேஸ் படுத்துவிட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸ் 'பிறகு வா' என்று தற்காலிகப் பிழைதான் சொல்லும். அனுப்பிய செர்வர் மறுபடி முயலும். கடிதம் தாமதமாகும், தொலையாது. ஆனால் யாராலும் பெட்டியைத் திறக்க முடியாது. ஆகவே பேரேட்டின் நகல் ஒன்று வேறொரு கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும்.

கிடங்குக்கு வருவோம். எம்பாக்ஸ் முறையில் ஒரு பெட்டியின் கடிதமெல்லாம் ஒரே ஃபைலில் கிடக்கும். எழுதும்போது பூட்ட வேண்டும். கியூமெயில் எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் மெயில்டிர் முறையைக் கொண்டுவந்தார்: ஒரு கடிதத்துக்கு ஒரு ஃபைல், பூட்டே தேவையில்லை. கடிதங்களையும் டேட்டாபேஸுக்குள் திணிக்கும் டிபிமெயில் போன்றவையும் உண்டு. தேடுவதற்கு வசதிதான். ஆனால் ஒருவரின் பெட்டி மட்டும் அழிந்துபோனால் மெயில்டிரில் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை நகலெடுத்தால் முடிந்தது. டேட்டாபேஸில் அது அவ்வளவு சுலபமில்லை.

எக்ஸ்சேஞ்ச் கடிதங்களை டேட்டாபேஸில்தானே வைக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது மெயிலுக்கென்றே செதுக்கிய தனி எஞ்சின். அங்கும் கணக்கு மாறியது: நூறு பேருக்குப் போகும் கடிதத்தை ஒரே பிரதியாக வைக்கும் வசதியை 2010 பதிப்பில் கைவிட்டார்கள். டிஸ்க்கில் இடம் மலிவாகிவிட்டது, அதில் தேடி எடுக்கும் நேரம்தான் விலை அதிகம் என்பது காரணம். மெயில்டிருக்கும் குறை உண்டு. கோடிக்கணக்கான குட்டி ஃபைல்களை பேக்கப் எடுப்பது மெதுவான வேலை.

2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஏறத்தாழ 0.02 சதவீதம் பேரின் கடிதங்கள் ஒரு மென்பொருள் பிழையால் மறைந்தன. பல இடங்களில் வைத்திருந்த நகல்களையும் அந்தப் பிழை விடவில்லை. கடைசியில் காப்பாற்றியது, செர்வர்களோடு தொடர்பில்லாமல் இருந்த டேப் பேக்கப்.

எனவே எந்த டேட்டாபேஸ் வேகமானது என்று சண்டை போடுபவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு பரீட்சை வைக்கட்டும்: ஒரு பெட்டியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கட்டும். அதில் தேறுவதே நல்ல டேட்டாபேஸ்.