பமுக்கலே: யாருடைய அற்புதம்?

துருக்கியின் பமுக்கலேக்குச் சென்று திரும்பும் பயணக் கட்டுரையாளர்கள் 'இயற்கையின் அற்புதம்' என்றே எழுதித் தீர்க்கிறார்கள். அவர்கள் கால் நனைத்த குளங்களுள் பல, சுண்ணப்படிவுச் சரிவில் முன்பு போட்டிருந்த சாலையின் மேல் மனிதர்கள் அமைத்தவை. அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மேலே ஹியராபொலிஸ் இடிபாடுகளுக்கு நடுவே விடுதிகளை எழுப்பி, ஏறக்குறைய 35 பாகை வெந்நீரைத் தம் நீச்சல் குளங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள்; வெண்படிகள் நிறம் மங்கின. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிறகே அவ்விடுதிகள் இடிக்கப்பட்டன. இன்று படிகளுக்கு நீர் முறைவைத்து விடப்படுகிறது. காய்ந்து கிடக்கும் படி, தன் முறைக்குக் காத்திருக்கும் படி. 'தண்ணீரே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்' என்று சலித்துக்கொள்வது என்ன ரசனை? அடுத்து எழுதப்போகிறவராவது, அந்த நீரைத் திருப்பிவிடும் பணியாளரைப் பற்றி ஒரு பத்தி எழுதட்டும்.