தேர் வராத தெரு

உலக ஆசைக்கு எதிரான பிரசங்கத்துக்கு நம் ஆலயங்களில் குறைவில்லை. சினிமா, சாராயம், நகை, செல்போன் என்று பட்டியல் நீளும். தவக்காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் இடம்பெறுவது அபூர்வம். உலகத்திலிருந்து சபைக்குள் வந்த சரக்குகளிலேயே பழையது அதுதான். செல்போன் நேற்று வந்தது. சாதியோ ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் வந்துவிட்டது.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினரைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவரத் துறவிக்கோலம் பூண்டார். பூணூலும் குடுமியும் கிறிஸ்தவத்துக்குத் தடையல்ல என்று வாதாடினார். 1623-இல் போப் அதற்கு இசைவும் கொடுத்தார். அதே மதுரை மிஷனில் மற்ற சாதியினருக்கென்று 'பண்டார சுவாமிகள்' எனத் தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். நொபிலி தமிழுக்குச் செய்த தொண்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே சிலுவைக்கு இரண்டு வகைக் குருக்கள் என்ற ஏற்பாட்டுக்கு நம் முன்னோர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

சீர்திருத்த சபைக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். தரங்கம்பாடியில் 18-ஆம் நூற்றாண்டிலேயே சபை சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றுக்கடிதம் அனுப்பி, சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். தஞ்சையில் எதிர்ப்பு கிளம்பியது. அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர், இன்றும் நம் ஆலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார். சாதி என்பது சமயம் அல்ல, ஊர் வழக்கம் என்பது அவர்கள் தரப்பு வாதம். இந்த வாதத்துக்கு இருநூறு வயது ஆகப்போகிறது. இன்றும் கிராமத்துப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "அது ஊர் வழக்கம், சாமி" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த ஊர் வழக்கம் எப்படி இருக்கும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். திருவிழாவுக்கு நம்மிடம் வரி வாங்க மாட்டார்கள். வாங்கினால் தேர் நம் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்போம் அல்லவா? தேர் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். இறந்தவரைப் பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பிச் சடலங்களையும் பிரித்தார்கள். உயிர்த்தெழுதல் நாளில் அந்தச் சுவரை யார் ஏறிக் குதிப்பார்கள் என்று நமக்குத் தெரியவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில், சம மரியாதை இல்லாத கோயில் வேண்டாம், தனிப்பங்கு கொடுங்கள் என்று நம் மக்கள் கேட்டதை ஒட்டி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. சுட்டதும் சுடப்பட்டதும் இருக்கட்டும். அந்தக் கோரிக்கை எழும் நிலைக்கு ஒரு பங்கைக் கொண்டுவந்து விட்டவர்கள் யார்?

மாணவர்கள் இதில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். ரிசர்வ் தொகுதியில் நிற்க முடியாது. பட்டியல் சாதிக்கான மத்திய அரசு வேலை ஒதுக்கீடும் இல்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், தன்னைப் போன்ற இந்துத் தொழிலாளிக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்வதை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, 1985-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது.

நிரூபிக்க யார் சாட்சி? கோயில்தான் சாட்சி. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 10-இல் திருச்சபை கறுப்பு தினம் கொண்டாடுகிறது. ஆயர்கள் தலைமையில் ஊர்வலம், ஆர்ப்பாட்டம். நாமும் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் சபைக்குள் சாதிக்கொடுமை இருக்கிறது என்று டெல்லியிடம் வாதாடும் அதே திருச்சபை, ஊருக்கு வந்ததும் இங்கே அப்படி ஒன்றும் இல்லை, சின்ன மனஸ்தாபம்தான் என்கிறது. அரசாங்கம் உங்கள் மதத்தில் சாதி கிடையாது என்று கதவைச் சாத்துகிறது. கோயிலோ உன் சாதிக்கு இந்தப் பக்கம் என்று கைகாட்டுகிறது. இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பது சேரிப்பிள்ளை.

விசுவாசம் உலகத்தோடு சமரசம் செய்துகொண்டால் அது யார் தலையில் விடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. வாரம் தவறாமல் நற்கருணை வாங்குகிறவர், மகளுக்கு வரன் தேடும்போது 'ஆர்.சி.' என்பதற்குப் பக்கத்தில் சாதியையும் போட்டு விளம்பரம் கொடுக்கிறார். திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த அணியில் எந்தச் சாதி என்ற கணக்கு, ஜெபத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இதற்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் இருப்பதாகத் தெரியவில்லை.

பேதுருவே இந்த இடத்தில் சறுக்கினார் என்று வேதம் சொல்கிறது. அந்தியோக்கியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரைத் தனியாக அழைத்துக் காதோடு சொல்லவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். பந்தியைப் பிரிப்பது நற்செய்தியையே மாற்றுவது என்று பவுல் நினைத்தார். நம் ஆயர்களில் எத்தனை பேர் அப்படி நினைக்கிறார்கள்? 2003-இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லி அனுப்பினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவையும் தலித் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

செய்ய முடியாதது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். நெல்லை வடக்கன்குளத்தில் இரண்டு சாதிக்கு இரண்டு பக்கமாக, நடுவில் தடுப்புச் சுவரோடு கோயில் இருந்தது. 1910-இல் கௌசானல் சுவாமி அந்தச் சுவரை இடித்தார். அங்கே பிரிந்து நின்றவர்கள் வெள்ளாளரும் நாடாரும். நம் மக்களின் கதை அதற்கும் கீழே. வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. தோற்றது. ஒரு குருவானவர் துணிந்தால் போதும் என்பதை அங்கே பார்த்தாயிற்று.

ஆகவே ஆயர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த திருவிழாவுக்குக் கொடியேற்ற அனுமதி கேட்டு ஊரார் வரும்போது, தேர் போகும் வழியை எழுதி வாங்குங்கள். அதில் சேரித்தெருவின் பெயர் இல்லாவிட்டால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தேர் கொட்டகையிலேயே நிற்கட்டும்.