பரீட்சைக்கு எந்தப் புத்தகம்?

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு எவ்வளவு பணம் விழுங்குகிறது என்பது ஊரறிந்த விஷயம். அந்தச் செலவில் கொஞ்சத்தைக் குறைக்க அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வழி உண்டு. காலேஜ் போர்டு என்ற ஸ்தாபனம் நடத்தும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் பரீட்சைகளில் 5-க்கு 3 மார்க்கு எடுத்தால், பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் வைத்து கிரெடிட் கொடுக்கின்றன. 4 அல்லது 5 கேட்கும் கல்லூரிகளும் உண்டு. அந்தப் பரீட்சைகளில் ஒன்று கலை வரலாறு.

கட்டணம் சுமார் 100 டாலர். அந்நாட்டு மத்திய சர்க்கார் விதித்துள்ள குறைந்தபட்சக் கூலியோ 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான். அந்தக் கூலி வாங்கும் தாய், வறியோருக்கான கட்டணச் சலுகை கிடைக்காவிட்டால், மகளின் ஒரு பரீட்சைக்காக ஏறக்குறைய 14 மணி நேரம் உழைக்க வேண்டும். அதற்கு மேல் 100 டாலரைத் தாண்டும் பாடநூல், வழிகாட்டி, மனப்பாட அட்டை, தனிப்பயிற்சி என்று வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். "இதெல்லாம் இல்லாமல் தேற முடியாது" என்ற பயமே அவர்களுடைய மூலதனம். இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா?

பரீட்சை எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். 2015-16 கல்வியாண்டில் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, 250 படைப்புகள் கொண்ட பட்டியல் வந்தது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 80 வினாக்களுக்கு 1 மணி நேரம். 6 எழுத்து வினாக்களுக்கு 2 மணி நேரம். இரண்டுக்கும் மார்க்கு சரிபாதி. எழுத்து வினாக்களில் சில, பட்டியலிலேயே இல்லாத படைப்பைக் காட்டி விளக்கம் கேட்கின்றன. பெயரையும் தேதியையும் நெட்டுருப் போட்டவர் அங்கே என்ன செய்வார்? யார் செய்வித்தது, யாருக்காக, எந்தப் பொருளில், எந்தச் சூழ்நிலையில் என்று கேட்டுப் பழகியவரே பதில் எழுத முடியும்.

இரண்டு உதாரணங்கள் போதும். பட்டியலில் நம் சோழர் காலத்து நடராஜர் வெண்கலம் இருக்கிறது. "11-ம் நூற்றாண்டு, வார்ப்பு" என்று அட்டை சொல்லும். ஆனால் பீடத்தில் துளைகள் ஏன்? தண்டு கோத்துத் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோவதற்காக! பட்டும் பூவும் சார்த்திய உற்சவ மூர்த்தி அது. கண்ணாடிப் பெட்டிக்காக வார்த்த பொம்மை அல்ல. இதைச் சொல்லும் பாடமே பாடம். ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ், 1919 ஜனவரியில் கொலையுண்ட கார்ல் லீப்னெக்ட்டுக்குச் செய்த அஞ்சலிப் படமும் பட்டியலில் உண்டு. பல பிரதிகள் எடுக்கத்தக்க மரச்செதுக்கு முறையை அவர் கையாண்டதில் அர்த்தம் இல்லையா?

பெரிய பெயரைக் கண்டும் மயங்க வேண்டாம். ஜான்சன் எழுதிய புகழ்பெற்ற கலை வரலாற்றின் முதற்பதிப்பு 1962-ல் வந்தது. அதில் ஒரு பெண் கலைஞர்கூட இல்லை. 1980-களில்தான் பெண்களுக்கு இடம் கிடைத்தது. தடிமன் வேறு, முழுமை வேறு. பரீட்சைப் பட்டியலும் குறையற்றதல்ல. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்த்த இரு பகுதிகளுக்குத் தலா 21 சதவீதம், தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் 8, ஆப்பிரிக்காவுக்கு 6. பட்டியலையும் கேள்வி கேட்டே படிக்க வேண்டும்.

ஆகவே நாம் சொல்லும் வழி இது:

முதலாவது, காலேஜ் போர்டு இலவசமாக வெளியிடும் பாடத்திட்டம். பட்டியலும் சதவீதமும் அதில் இருக்கின்றன.

இரண்டாவது, பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஸக்கர் என்ற இரு ஆசிரியர்கள் 2005-ல் தொடங்கிய ஸ்மார்ட்ஹிஸ்டரி. 250 படைப்புகளுக்கும் விளக்கம் உண்டு, காசு கிடையாது.

மூன்றாவது, கடந்த ஆண்டுகளின் எழுத்து வினாக்களும், மார்க்கு இடும் முறையும். இவையும் இலவசமே. கடிகாரத்தை வைத்து எழுதிப் பழக வேண்டும்.

நான்காவது, பொது நூலகத்தில் இரவல் பெறும் ஒரு பாடநூல். ஹெலன் கார்ட்னர் 1926-ல் எழுதி, பிறர் திருத்தி வரும் நூலின் பழைய பதிப்பே போதும். ஆனால் 2015-க்கு முந்திய பரீட்சை வழிகாட்டி வேண்டாம். அது பழைய பரீட்சைக்கு வழி காட்டும்.

விலைக்கு விற்பதெல்லாம் வீண் என்று நாம் சொல்லவில்லை. கடைசி மாதத்தில் திருப்பிப் பார்க்க நல்ல வழிகாட்டி ஒன்று உதவும். அதை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம், சேர்ந்தே படிக்கலாம். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லாத பள்ளி மாணவிக்கு, விவாதிக்க ஒரு துணை எந்தப் புத்தகத்தையும்விட மேல். பள்ளிகளும் நூலகங்களும் பிரதிகளை வாங்கி வைக்கட்டும். கட்டணத்தையும் பள்ளியே ஏற்கட்டும்.

கல்லுடைத்தவனும் உலோகம் உருக்கியவனும் படைத்த செல்வம் இது. அதைக் கற்கும் உரிமை பணப்பையின் கனத்தைப் பொறுத்ததாக இருக்கலாமா?