நாயின் நன்றியும் நமது நாணயமும்

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் ஒரு பிரசங்கம் தவறாமல் நடக்கிறது. ஒரு பிடி சோறு போட்டவனை நாய் உயிருள்ளவரை மறக்காதாம். மனிதன்தான் உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கிறானாம். ஆகவே, குழந்தைகளே, நாயைப் பார்த்து நன்றியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உபதேசித்துவிட்டுப் பிரமுகர் மாலையும் கழுத்துமாக மேடையை விட்டு இறங்குகிறார். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது.

இந்தப் பாடத்தை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று சற்று யோசித்துப் பாருங்கள். சோறு போடுகிறவர், சோறு தின்கிறவருக்குச் சொல்கிறார். முதலாளி கணக்குப்பிள்ளைக்குச் சொல்கிறார். வீட்டுக்காரி வேலைக்காரிக்குச் சொல்கிறாள். பதவியில் இருப்பவர் ஓட்டுப் போட்டவனுக்கே சொல்கிறார். நாயைப் புகழ்வதாகத்தான் பேச்சு. உண்மையில் கேட்பது வால்.

நாலடியாரில் ஓர் உவமை வருகிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, எஜமான் எறிந்த வேல் தன் உடம்பில் தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைக்கும். ஆதலால் நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என்பது கருத்து. நட்புக்கு அளவுகோல் சொன்ன புலவரோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் எனக்கு அதைப் படிப்பித்த தமிழாசிரியர் வாலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். வேல் எறிந்த கையைப் பற்றி அந்த வகுப்பில் மூச்சே எழவில்லை.

நம்மூர்ப் பிரசங்கிகள் கையாளும் இன்னொரு சான்று ஜப்பான் தேசத்து ஹாச்சிகோ. டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையத்தில், செத்துப்போன எஜமானுக்காகப் பத்தாண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருந்த நாய். கதை மெய்தான். ஆனால் முழுக் கதையைச் சொல்கிறவர்களைக் காணோம். விவசாயப் பேராசிரியர் உயெனோ 1925 மே மாதத்தில் கல்லூரியில் இருந்தபோதே இறந்துபோனார். அவரோடு மனைவியாக வாழ்ந்த பெண்மணியை அவர் முறைப்படி மணந்திருக்கவில்லை. ஆகவே வீட்டில் அவளுக்கு உரிமை இல்லை. வீடு கலைந்தது. நாய் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பேராசிரியரிடம் தோட்ட வேலை பார்த்த கோபயாஷி என்பவரிடம் வந்து சேர்ந்தது. ரயில் நிலையத்துக்குப் போன நாயை அங்கிருந்தவர்கள் விரட்டினார்கள், சீண்டினார்கள். 1932-இல் ஒரு பத்திரிகை அதைப் பற்றி எழுதிய பிறகுதான் விரட்டிய கைகள் தடவிக் கொடுக்க ஆரம்பித்தன. 1934-இல் சிலை வைத்தார்கள். இடது காது தொங்கிப்போன கிழ நாயையே விழாவுக்கு அழைத்து வந்து நிறுத்தினார்கள். பள்ளிக்கூட நீதிபோதனைப் புத்தகத்தில், நன்றி மறவாதே என்று அதன் கதையைப் பாடமாக்கினார்கள். அந்தப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு எந்த எஜமானுக்காக எங்கே போய்ச் சாகச் சொன்னார்கள் என்பது சரித்திரம். 1944-இல் யுத்தத்துக்கு உலோகம் வேண்டியிருந்தது. சிலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது 1948-இல் வைத்த வேறு சிலை. நன்றியைப் போதித்தவர்களின் நன்றி பத்தாண்டுதான் தாங்கிற்று!

ஹாச்சிகோவின் கதையில் கற்றுக்கொள்ள ஒரு மனிதர் உண்டு. அவர் கோபயாஷி. தம்முடையது அல்லாத ஒரு நாய்க்கு, அது தம்மைத் தேடாமல் வேறொருவரைத் தேடி ஓடுகிறது என்று தெரிந்தும் வட்டில் வைத்தவர். சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கிழ நாயிடம் பாடமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. என் வீட்டிலும் ஒரு கிழம் இருக்கிறது. மணி என்று பெயர்; பதினான்கு வயது; சாதாரண நாட்டு நாய். காது கேட்காது. திருடன் வந்தால் அவன் காலை முகர்ந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தைச் சுற்றும். கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கிற பக்கம் போய் நின்று, திறக்குமென்று காத்திருக்கும். மூளை தளர்வதன் அடையாளம் அது என்றார் கால்நடை மருத்துவர். கண்ணில் படர்ந்திருக்கும் நீலப் புகையைப் பார்த்துக் குருடாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் முடிவு கட்டினார்கள். அது புரை அல்ல, வயதில் கண்வில்லை இறுகுவதால் வருவது, ஓரளவு பார்வை இருக்கும் என்று அவரே விளக்கினார்.

மாடிப்படி ஏறுவதை மணி நிறுத்தியபோது வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு ஒன்றுண்டு: "வயசாச்சு, சோம்பல்." சோம்பல் அல்ல ஐயா, மூட்டு வலி! நாய் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒதுங்கிப் படுக்கும், எழுந்திருக்க யோசிக்கும், தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 'வயசாச்சு' என்பது நோய்க்குப் பெயரல்ல. நாம் பார்க்க மறுப்பதற்கு வைத்துக்கொண்ட பெயர். இதே சொல்லை எத்தனை வீடுகளில் திண்ணையில் கிடக்கும் கிழவிக்கும் சொல்கிறார்கள்! அவள் முழங்காலை நீவிப் பார்த்தவர் யார்? அவள் சரியாகச் சாப்பிடாதது பிடிவாதத்தாலா, ஆடுகிற பல்லாலா என்று வாயைத் திறந்து பார்த்தவர் யார்?

வாலிப நாயை வளர்ப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. அது காவல் காக்கிறது, குழந்தைகளோடு விளையாடுகிறது, வாசலில் நின்று நம் அந்தஸ்தைத் தெருவுக்கு அறிவிக்கிறது. அது வியாபாரம், கொடுக்கல் வாங்கல் நேராகிவிடுகிறது. அது ஒன்றுக்கும் உதவாமல் போகிற அன்றைக்குத்தான் கணக்கு ஆரம்பம். அன்றைக்குத்தான் மனிதர்களில் பலர் கணக்கை மூடுகிறார்கள். பனிநாட்டு ஹஸ்கியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிச் சென்னை வெயிலில் வாட்டி, நோய் கண்டதும் இரவோடு இரவாகக் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிடுகிறார்கள். குட்டி போட்டுப் பணம் தந்த பெட்டைக்கு, அது ஓய்ந்ததும் தெருவைக் காட்டுகிறார்கள். அந்த நாய் கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கும் போவதில்லை. இதைப் பார்த்தும் நாய்க்கு என்ன விசுவாசம் என்று வியக்கிறவர்கள் இருக்கிறார்கள்!

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. நாட்டியத்துக்குப் பேர்போன ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் விடாமல் போராடியதன் பயனாக 1960-இல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடந்து துன்புறும்படி கைவிடுவது அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் ஐம்பது ரூபாய் வரை என்று எழுதினார்கள். 1960-இல் ஐம்பது ரூபாய் காசு. இன்று அதற்கு நல்ல ஓட்டலில் இரண்டு காபி வராது. நாய்க்கு மட்டுமா? பெற்றோரைக் கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று 2007-இல் ஒரு சட்டம் எழுத வேண்டி வந்தது. நன்றியைப் பற்றி மேடையேறிப் பேசும் தேசம்தான்!

மனிதனுக்கே கஞ்சிக்கு வழியில்லை, கிழ நாய்க்கு வைத்தியமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாயைத் துரத்தி மிச்சம் பிடித்த சோற்றை ஏழைக்குப் போட்டவர் யாரையாவது எனக்குக் காட்டினால் கேள்விக்கு மதிப்புக் கொடுப்பேன். நான் பார்த்தவரை, தெருவில் விடப்பட்ட நாய்க்குச் சோறு வைப்பது இட்லிக் கடைக்காரியும் இரவுக் காவல்காரனும்தான். கிழ நாய்க்குக் குளிர்சாதன அறையும் சீமைத் தீனியும் வேண்டாம். ஒரு பழைய சாக்கு, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர், குழைய வடித்த சோறு, ஈரமானால் துடைத்துவிட ஒரு துணி, முகம் சுளிக்காத ஓர் ஆள்.

மருந்துக்கு மிஞ்சிப்போய், வலி ஒன்றே மிச்சமாகிற நாள் சில நாய்களுக்கு வரும். அப்போது மருத்துவர் ஊசி போட்டு நோகாமல் அனுப்பி வைப்பார். அதில் பாவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நான் கண்டிக்கிற காட்சி வேறு. நாயின் கயிற்றை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு மனசு தாங்காது" என்று காரிலேயே உட்கார்ந்துவிடும் எஜமான்களை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறேன். உள்ளே மேசைமேல் கிடக்கிற கிழம், மருந்து ஏறி முடிகிற வரையில் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. காரை விட்டு இறங்கிப் போய் அதன் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். கால் மணி நேரம்கூட ஆகாது.