பாதத்தில் ஒரு தட்டு

2012 லண்டன் ஒலிம்பிக்கில், கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த நீச்சல் குளத்தில், ஒரு வீரருக்கு ஒரு தடம். இரண்டரை மீட்டர் அகலமும் அவருக்கே சொந்தம். 2014-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு அதே அகலத்தை அலுவலகம் போகிறவரும் ஓய்வுபெற்றவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் குளங்களில் பொதுவாக ஒரு தடத்தில் கடிகாரச் சுற்று என்றால் அடுத்த தடத்தில் எதிர்ச்சுற்று. தடங்களைப் பிரிக்கும் கயிற்றுக்கு இருபுறமும் ஒரே திசையில் போகும்போது கைகள் உரசினாலும் அடி பலமாக விழாது. திசைக்கு அம்புக்குறி போட்டுவிடலாம், வேகத்துக்கு 'மெது', 'நடுத்தரம்', 'விரைவு' என்று பலகையும் வைக்கலாம். எந்தப் பலகைக்கு நேரே இறங்குவது என்பதை மட்டும் அவரவர் தன்மானமே முடிவு செய்கிறது. பின்னால் வருபவர் பாதத்தை லேசாக ஒருமுறை தொட்டால் 'முந்த வேண்டும், வழிவிடுங்கள்' என்று பொருள். முன்னால் போகிறவர் சுவரை எட்டியதும் மூலையில் ஒதுங்கி நின்றால் போதும், ஐந்து விநாடி வேலை. ஆனால் 'விரைவு' தடத்தைத் தேர்ந்துகொண்ட சிலர், தொட்ட கணத்திலிருந்துதான் உண்மையிலேயே விரைவாக நீந்தத் தொடங்குகிறார்கள்.