லே நகரில் குடியேறலாமா?

படிப்பு முடிந்ததும் பெருநகர வாழ்வை உதறிவிட்டு, மின்கம்பியும் குழாய்நீரும் வேண்டாத ஒரு வீட்டைக் கட்டி, தோட்டமிட்டு, தன் உழைப்பிலேயே வாழப் போவதாக விடுதி நண்பர் ஒருவர் கூறினார். எங்கே என்று கேட்டோம். லடாக்கிலுள்ள லே நகரின் ஓரத்தில் என்றார். சென்ற கோடையில் சென்று வந்த மயக்கம் இன்னும் தீரவில்லை போலும்! சிலர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. ஆசை நல்லதே; ஆனால் ஆசையையும் அளந்து பார்க்க வேண்டும் அன்றோ?

முதலில் வெயிலை அளப்போம். ஆண்டில் ஏறத்தாழ 300 நாள் கதிரவன் முகம் காட்டும் ஊர் அது. லேயை அடுத்த பே என்னும் சிற்றூரில் செக்மோல் கல்விக்கூடம் இருக்கிறது. தெற்கு நோக்கிய கண்ணாடியும் தடித்த மண்சுவரும் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, கடுங்குளிரிலும் அறைகளைக் காக்கின்றன. விளக்கு எரிவதும் கதிரவன் கொடையே. ஆகவே, மின்கம்பி இல்லாமல் வாழ இயலும். இந்தத் தேர்வில் லே வெற்றி பெறுகிறது.

அடுத்து மண். 3,500 மீட்டர் உயரத்தில் ஆண்டுக்கு ஒரு போகந்தான். வாற்கோதுமையும் கிழங்கும் விளையும். குளிர்காலத்துக்கு வேண்டிய காய்களைக் குழி தோண்டிப் புதைத்து வைக்க வேண்டும். உழைப்பவருக்கு இதுவும் இயலும்.

இனி நீர். இங்கேதான் கணக்கு இடறுகிறது. ஆண்டு மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். சென்னையில் ஒரே நாளில் கொட்டிவிடும் மழை! மலைமேல் உருகும் பனியே லேயின் உயிர். விதைக்கும் பருவத்தில் அது போதுமான அளவு உருகுவதில்லை. "ஆழ்குழாய்க் கிணறு போட்டால் போயிற்று" என்கிறார் நண்பர். விடுதிகள் பெருகியபின் நகரில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். நிலத்தடி நீர் குறைகிறது என்று அவ்வூரார் இன்று கவலைப்படுகிறார்கள். தன் வீட்டுக்குத் தனிக் கிணறு தோண்டுகிறவர் அண்டை வீட்டின் ஊற்றையும் சேர்த்தே உறிஞ்சுகிறார். அதைத் தற்சார்பு என்று அழைப்பது முறையா?

வறண்ட ஓடையை மனைக்கு ஏற்ற நிலம் என்று எண்ணுவதும் பிழை. 2010 ஆகஸ்டில் ஓர் இரவில் பெய்த பெருமழை 200 பேருக்கு மேல் உயிர் குடித்தது.

அப்படியாயின் லடாக்கு மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் எவ்வாறு வாழ்ந்தனர்? சேர்ந்து வாழ்ந்தனர். ஊர்தோறும் 'சுர்பொன்' என்னும் நீர்த்தலைவர் உண்டு. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை அவரே முறை வைப்பார். நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டியை நினைவூட்டும் பதவி. கால்வாயைத் தூர்வாருவதும் ஊரார் கூடிச் செய்யும் வேலையே.

என் கருத்து இதுதான்: தனித்து வாழ விரும்புவோருக்கு லே ஏற்ற ஊர் அன்று, அயலாரோடு கூடி வாழ விரும்புவோருக்கு அது ஏற்கும். கம்பியை அறுத்துக்கொள்ளலாம், கால்வாயை அறுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே, நண்பருக்கு ஒரு வேண்டுகோள். நிலம் தேடுமுன், ஜனவரிக் குளிரில் ஒரு மாதம் அங்கே தங்குக. வேனில் தொடங்கியதும் ஊராரோடு மண்வெட்டி எடுத்துக் கால்வாயில் இறங்குக. அதன்பின்னும் ஆசை நிலைத்திருந்தால், வழியனுப்ப முதலில் வருபவன் நானே.